அறக் கேள்விக்கு எந்த அலமாரி?

"மேடம், எதிக்ஸ் புக் இருக்கா?"

ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கிற மாதம் வந்தால் இந்தக் கேள்வியும் என் கவுண்டருக்கு வந்துவிடும். வடசென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 22 ஆண்டுகளாக நூலகராக இருக்கிறேன். இங்கே வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா காசிமேட்டில் போட்டுக்குப் போகிறவர், அல்லது துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். நூலகம் என்றால் தேர்வுக்கு முன்னால் பழைய கேள்வித்தாள் ஜெராக்ஸ் எடுக்கிற இடம் என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

அந்தக் கேள்விக்கு நான் உடனே அலமாரியைக் காட்ட மாட்டேன். காட்டினால் என்ன ஆகும் என்று தெரியும். பி.காம். பாடத்துக்காக வாங்கிப்போட்ட பிசினஸ் எதிக்ஸ் புத்தகம் ஒன்றை எடுத்து, அறம் என்றால் என்ன, அதன் வகைகள் என்ன என்று முதல் இரண்டு அத்தியாயத்தை எழுதிக் கொண்டுபோய்விடுவார்கள். ப்ராஜெக்ட் முடிந்துவிடும், கேள்வி அப்படியே கிடக்கும். அதனால் நான் திருப்பிக் கேட்பேன்: "உன் கேள்வி என்னம்மா?"

சில ஆண்டுகளுக்கு முன் எர்ணாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவியிடம் இப்படிக் கேட்டேன். "உறுப்பு தானம்: ஓர் அறவியல் பார்வை" என்று தலைப்பு வைத்திருந்தாள். ஏன் இந்தத் தலைப்பு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். சுனாமிக்குப் பிறகு அவளுடைய பெரியம்மா ஒரு சிறுநீரகத்தை விற்றிருக்கிறார். இடுப்புப் பக்கம் நீளமான தழும்பு இருக்கிறது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. "அது தப்பா மேடம்? தப்புன்னா, யார் பண்ண தப்பு?"

இதுதான் ஆராய்ச்சிக் கேள்வி. தலைப்பு அல்ல, இது. கல்லூரி நூலகத்தை வைத்து ஓர் அறக் கேள்வியை எப்படித் தேடிப் படிப்பது என்பதை அவளோடு உட்கார்ந்து நான் செய்ததை வைத்தே சொல்கிறேன். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் கேட்டலாக்கைத் தொடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கேள்வியை மூன்றாக உடையுங்கள். என்ன நடந்தது, என்ன நடக்கிறது என்பது ஒன்று. சட்டம் என்ன சொல்கிறது என்பது இரண்டாவது. எது சரி, ஏன் சரி என்பது மூன்றாவது. பெரியம்மா விற்றபோது எவ்வளவு பணம் கிடைத்தது, கடன் அடைந்ததா, உடம்பு எப்படி இருக்கிறது என்பவை எல்லாம் முதல் வகை. விற்றவருக்குத் தண்டனை உண்டா, வாங்கியவருக்கு உண்டா என்பது இரண்டாவது வகை. ஏழை ஒருவர் தன் உடம்பின் ஒரு பகுதியை விற்பதைத் தடுக்க நமக்கு என்ன உரிமை, தடுக்காமல் இருக்க என்ன உரிமை என்பது மூன்றாவது வகை. நான் பார்த்த அறவியல் ப்ராஜெக்டுகளில் முக்கால்வாசி சொதப்புவது இங்கேதான். மூன்றையும் கலந்து எழுதிவிடுவார்கள். "இது சட்டப்படி குற்றம், ஆகவே தவறு" என்று ஒரே வரியில் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குத் தாவிவிடுவார்கள். சட்டம் தடுத்த நல்ல காரியங்களும் உண்டு, சட்டம் அனுமதித்த கொடுமைகளும் உண்டு. தாவ வேண்டுமானால் காரணம் சொல்லித்தான் தாவ வேண்டும்.

உடைத்த பிறகு அலமாரிகள் தானாகத் தெரியும். பெரும்பாலான கல்லூரி நூலகங்களில் புத்தகங்கள் டூயி தசம முறைப்படி அடுக்கப்பட்டிருக்கும். புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கிற எண்தான் அதன் முகவரி. அறவியல் 170இல் தொடங்குகிறது. 171 அறக் கோட்பாடுகள், 172 அரசியல் அறம், 174 தொழில் அறம், அதில் மருத்துவ அறம் 174.2. விலங்குகள், உயிர்க்கொலை, கருணைக்கொலை எல்லாம் 179 பக்கம். புள்ளிக்குப் பின்னால் எண்கள் நீண்டுகொண்டே போனால் பயப்பட வேண்டாம், பொருள் குறுகிக்கொண்டே போகிறது என்று அர்த்தம்.

ஆனால் இந்தப் பெண்ணின் கேள்வி 174.2இல் மட்டும் இல்லை. உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை 617இல் இருக்கிறது. மருத்துவச் சட்டம் 344இல். ஏழைகளின் நலன் பற்றிய சமூகப்பணி நூல்கள் 362.5இல். கந்துவட்டியும் கடனும் 332.7இல். திருக்குறளும் புறநானூறும் தமிழ் இலக்கியத்துக்கான 894.811இல். எங்கள் நூலகத்தில் 174க்கும் 894க்கும் நடுவில் ஒரு முழு மாடி இருக்கிறது. அவளை அந்த மாடிப்படி ஏறி இறங்க வைத்தேன். அறவியல் படிப்பது என்றால் ஒரே அலமாரி முன்னால் உட்கார்ந்திருப்பது அல்ல, அலமாரிகளுக்கு நடுவில் நடப்பது. 22 ஆண்டில் நான் உறுதியாக நம்புகிற விஷயம் இது ஒன்றுதான்.

புத்தகம் இருக்கிற இடத்துக்கு நேரில் போவதில் இன்னொரு பலன் உண்டு. கணினியில் ஒரு புத்தகத்தைத் தேடினால் அந்த ஒன்றுதான் வரும். அலமாரிக்குப் போனால் இடது பக்கம் நான்கு, வலது பக்கம் நான்கு என்று அதன் சொந்தக்காரர்கள் எல்லாம் வரிசையாக நிற்பார்கள். பொருளடக்கத்தையும் கடைசியில் இருக்கிற சொல்லடைவையும் மட்டும் பாருங்கள். சொல்லடைவில் உங்கள் விஷயம் இரண்டு பக்கத்துக்கு மேல் வந்திருந்தால் எடுங்கள், இல்லையென்றால் வைத்துவிடுங்கள். எடுத்த புத்தகத்தை நீங்களே திரும்ப அடுக்க வேண்டாம், மேஜைமேல் வையுங்கள். இடம் மாறிய புத்தகம் காணாமல் போன புத்தகத்துக்குச் சமம். எல்லாப் புத்தகத்தையும் எண்ணிச் சரிபார்க்கிற ஸ்டாக் வெரிஃபிகேஷன் வரைக்கும் யாருக்கும் கிடைக்காது.

கணினியில் தேடும்போது "எதிக்ஸ்" என்று மட்டும் அடிக்காதீர்கள். பொதுவான சொல் பொதுவான புத்தகத்தைத்தான் கொண்டுவரும். தேடுவதற்கு முன்பே அந்தத் தாளின் பின்பக்கம் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். நாம் கிட்னி என்போம், மருத்துவர்கள் ரீனல் என்று எழுதுவார்கள், சட்டத்தில் ஹியூமன் ஆர்கன் என்று இருக்கும், அறவியல் கட்டுரைகளில் பெய்டு டோனர், ஆர்கன் டிரேட், டிரான்ஸ்பிளான்ட் கமர்ஷியலிசம் என்று வரும். தமிழில் உறுப்பு தானம், உறுப்புக்கொடை, உறுப்பு மாற்று, சிறுநீரக விற்பனை என்று நான்கு விதமாகத் தேட வேண்டும். ஒரு நல்ல புத்தகம் கிடைத்துவிட்டால் கேட்டலாக் பதிவில் அதற்குப் போட்டிருக்கிற பொருள் தலைப்பைப் பாருங்கள். அதைச் சொடுக்கினால் அதே தலைப்பிலுள்ள மற்றவை வரும். பிள்ளைகள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நூலகரிடம் கேட்கத் தயங்காதீர்கள். நான் படித்த காலத்தில் எங்கள் கல்லூரி நூலகத்தில் கண்ணாடி பீரோக்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். தத்துவப் புத்தகம் ஒன்று கேட்டபோது, "இதெல்லாம் உனக்கு எதுக்குமா, கைடு படி" என்று ஒருவர் சொன்னார். அந்த வார்த்தை இன்னும் எனக்குள் இருக்கிறது. அது நூலகத்தின் குணம் அல்ல. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. மற்றொன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நீங்கள் கேட்பதும் நாங்கள் தேடித் தருவதும் உதவி அல்ல, எங்கள் வேலை. கேட்கும்போது மட்டும் தலைப்பைச் சொல்லாமல் கேள்வியைச் சொல்லுங்கள்.

படிக்கத் தொடங்க வேண்டிய இடம் ரெஃபரன்ஸ் பகுதி. கலைக்களஞ்சியங்கள், அகராதிகள் அங்கே இருக்கும், வெளியே கொண்டுபோக முடியாது. பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம் பழைய கல்லூரிகள் பலவற்றில் தூசி படிந்து நிற்கும். மருத்துவச் செய்திகளுக்கு அது பழசு, ஆனால் அறம், ஒழுக்கம், தத்துவம் போன்றவற்றுக்கு நல்ல தமிழ்ச் சொற்கள் அங்கே கிடைக்கும். ஆங்கிலம் ஓரளவு வரும் என்றால் ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. கட்டுரை கடினமாக இருந்தால் முன்னுரையையும் கடைசியில் உள்ள நூற்பட்டியலையும் மட்டும் படித்தாலே போதும், யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது ஆய்விதழ்கள். இங்கேதான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள், இங்கேதான் நிறைய இருக்கிறது. உங்கள் கல்லூரி என்-லிஸ்ட் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக நடத்துகிற திட்டம் அது. உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வரும், வீட்டிலிருந்தே ஆயிரக்கணக்கான இதழ்களைப் படிக்கலாம். கல்லூரி பணம் கட்டியிருந்தும் ஒரு பிள்ளைகூடப் பயன்படுத்தாத ஆண்டுகள் இருந்திருக்கின்றன என்பது எனக்குப் பெரிய வருத்தம். அரசுக் கல்லூரி என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தின் இதழ்களும் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவ அறத்துக்கு இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எதிக்ஸ் இருக்கிறது. 1993இல் மும்பையில் தொடங்கிய இதழ், எல்லாக் கட்டுரையும் இலவசம், நம் ஊர் மருத்துவமனைகளில் நடக்கிற விஷயங்களை நம் நாட்டுக்காரர்களே எழுதுவது. நான் முதலில் பிள்ளைகளை அனுப்புவது அங்கேதான்.

எர்ணாவூர்ப் பெண்ணுக்கு நாங்கள் கண்டுபிடித்த முக்கியமான கட்டுரை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் 2002இல் வந்தது. மாதவ் கோயலும் மூன்று பேரும் எழுதியது. "எகனாமிக் அண்ட் ஹெல்த் கான்சீக்வன்சஸ் ஆஃப் செல்லிங் எ கிட்னி இன் இந்தியா" என்று தலைப்பு. பப்மெட் தளத்தில் சுருக்கத்தை யாரும் படிக்கலாம். அந்த ஆய்வு நடந்த ஊர் சென்னை. 2001இல், சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் பேசியிருக்கிறார்கள். 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். சராசரியாகக் கையில் கிடைத்தது 1,070 டாலர். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. 86 சதவீதம் பேர் உடல்நிலை மோசமானது என்றார்கள். கடனுக்காக விற்றவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அப்போதும் கடன் இருந்தது. 79 சதவீதம் பேர், வேறு யாருக்கும் இதைச் செய்யச் சொல்ல மாட்டோம் என்றார்கள்.

அவள் அந்தச் சுருக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். "எங்க பெரியம்மா மாதிரி முன்னூறு பேரா மேடம்" என்றாள்.

சரி, இந்த மாதிரி ஒரு கட்டுரை கிடைத்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றும். இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். நான் அவளிடம் கேட்டவை இவை. இது அவர்களே சொன்ன தகவலா, மருத்துவப் பரிசோதனை செய்து அளந்ததா? விற்காத ஏழைகளோடு ஒப்பிட்டிருக்கிறார்களா, அந்த ஆண்டுகளில் எல்லார் வருமானமும் குறைந்ததா? கடைசியாக, பெரிய கேள்வி. விற்றவர்கள் நஷ்டப்பட்டார்கள் என்று இது காட்டுகிறது. விற்பது தவறு என்று காட்டுகிறதா? அல்லது கள்ளத்தனமாக நடக்கிற விற்பனை மோசம் என்று மட்டும் காட்டுகிறதா? தாளில் முதல் வகையில் இருக்கிற உண்மையை எடுத்து மூன்றாவது வகையில் வைக்கும்போது நடுவில் ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை எழுதுவதுதான் உங்கள் ப்ராஜெக்ட்.

அதற்கு எதிர்த்தரப்பைப் படித்தே ஆக வேண்டும். உங்களுக்குப் பிடிக்காத கருத்தின் மிக வலுவான வடிவத்தைத் தேடுங்கள். 1998இல் லான்செட் மருத்துவ இதழில் ஜேனட் ராட்கிளிஃப் ரிச்சர்ட்ஸும் வேறு சிலரும் சிறுநீரக விற்பனையை அனுமதிப்பதற்கு ஆதரவாக ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏழையின் முன்னால் இருக்கிற வழிகளில் அவருக்கு நல்லதென்று படுகிற ஒன்றையும் நீங்கள் அடைத்துவிட்டால், அவர் ஏழ்மை போய்விடுமா என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அதைப் படித்ததும் அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்தது. அப்புறம் இரண்டு நாள் கழித்து வந்து, "அவங்க கேக்கறதுக்கு என்கிட்ட பதில் இல்ல மேடம்" என்றாள். அந்த இரண்டு நாள்தான் அவள் உண்மையில் அறவியல் படித்த நாள்.

பதில் கிடைத்தது ஓர் அடிக்குறிப்பில். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தத்துவவாதி டெப்ரா சாட்ஸ் எவற்றை விற்கக் கூடாது, ஏன் என்று 2010இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். சிறுநீரகத்துக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் உண்டு. அங்கே அவர் லாரன்ஸ் கோஹன் என்ற மானிடவியலாளரைக் காட்டுகிறார். கோஹன் சென்னைக்கு வந்து, சிறுநீரகம் விற்ற பெண்களிடம் பேசி, 1999இல் டீடலஸ் இதழில் எழுதியவர். அவர் கவனித்தது இது: ஒரு பகுதியில் சிறுநீரகம் விற்பது பரவலாகிவிட்டால், கடன் கொடுத்தவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டே நெருக்குகிறார்கள். விற்க விரும்பாதவருக்கும் அது அடமானப் பொருளாகிவிடுகிறது. அப்படியென்றால் ஒருவர் விற்பது அவர் சொந்த விஷயம் மட்டும் அல்ல, தெருவில் இருக்கிற எல்லாருடைய நிலைமையையும் அது மாற்றுகிறது. "வேற வழி ஒன்ன அடைக்கறீங்களே" என்ற கேள்விக்கு இது ஒரு நேரான பதில். அமெரிக்காவில் அச்சான புத்தகத்தின் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு போனால் நம் ஊர்ப் பெண்களிடம் போய் நிற்கிறோம். அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு நல்ல நூலின் அடிக்குறிப்பு, உங்களுக்கு முன்னால் யாரோ செய்து வைத்த தேடல்.

சட்டத்துக்கு வருவோம். இதில் ஒரே ஓர் எச்சரிக்கை, புத்தகம் அச்சான ஆண்டைப் பாருங்கள். மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தது, தமிழ்நாடு 1995இல் ஏற்றது. உறுப்பு வணிகத்துக்கு முதலில் இருந்த தண்டனை இரண்டிலிருந்து ஏழு ஆண்டுச் சிறை, பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய் அபராதம். 2011 திருத்தத்துக்குப் பிறகு ஐந்திலிருந்து பத்து ஆண்டு, 20 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை. எங்கள் 344 அலமாரியில் இருந்த புத்தகம் 2003இல் அச்சானது. அதிலிருந்து எழுதியிருந்தால் தப்பாகப் போயிருக்கும். சட்டத்தின் வாசகத்தை அரசின் இந்தியா கோட் தளத்தில் திருத்தங்களோடு எடுங்கள். தீர்ப்புகளுக்கு இந்தியன் கானூன் தளம். சட்டத்தைப் படிக்கும்போது 9ஆம் பிரிவில் நில்லுங்கள். நெருங்கிய உறவினர் அல்லாதவரும் அன்பினாலோ பற்றினாலோ கொடுக்கலாம், அதற்கு அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும் என்கிறது. விற்றவர்கள் எல்லாம் எந்த வாசல் வழியாகப் போனார்கள் என்று அந்த ஒரு பிரிவைப் படித்தபோது அவளுக்குப் புரிந்தது.

தமிழ் நூல்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அறவியல் ப்ராஜெக்ட் என்றால் முகப்பில் ஒரு குறள் போடுவது வழக்கமாகிவிட்டது. உறுப்பு தானம் என்றால் 72ஆவது குறள்: "அன்பிலார் எல்லாம் தமக்குரியர் அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு." போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். எனக்கு அது ஆற்றாமையாக இருக்கும். குறளை அலங்காரமாக வைக்காமல் வாதமாகப் படியுங்கள். பரிமேலழகர் உரையை எடுத்துப் பாருங்கள். அவர் இந்தக் குறளுக்கு, புறாவுக்காகத் தராசில் ஏறியவன் கதையைச் சொல்கிற புறநானூற்று வரியை மேற்கோள் காட்டுகிறார். 43ஆம் பாட்டு அது. அங்கே போங்கள். இதுவும் அடிக்குறிப்பைப் பின்தொடர்வதுதான், நம் உரையாசிரியர்கள் காலங்காலமாகச் செய்தது.

அதோடு நிற்காமல் ஈகை அதிகாரத்துக்கு வாருங்கள். 221ஆம் குறளில், இல்லாதவர்க்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை போன்றது என்கிறார் வள்ளுவர். குறியெதிர்ப்பை என்றால் அளந்து கொடுத்து அதே அளவு திரும்ப வாங்குகிற கடன். கொடைக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் வேறுபாடு இங்கே தெளிவாக இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் பேசுகிற ஈகை, இருக்கிறவரிடமிருந்து இல்லாதவருக்குப் போகிறது. சிறுநீரக விற்பனையில் இல்லாதவரிடமிருந்து இருக்கிறவருக்குப் போகிறது. அப்போது 72ஆம் குறளை இந்த இடத்தில் போடுவது சரியா? அதை எழுதுங்கள், இரண்டு பக்கம் வரும்.

அவள் கேள்வியின் இரண்டாம் பாதி, யார் தப்பு என்பது. அதற்கு நான் அவளை வறுமையைப் பேசுகிற நல்குரவு, பிச்சை எடுக்க அஞ்சுவதைப் பேசுகிற இரவச்சம் ஆகிய அதிகாரங்களைப் படிக்கச் சொன்னேன். 1062ஆம் குறளில், பிச்சை எடுத்துத்தான் உயிர்வாழ வேண்டுமென்றால் இந்த உலகத்தைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று வருகிறது. வறியவரைக் குற்றம் சொல்லாமல் அந்த நிலையை உண்டாக்கியவரைக் கேட்கிற குறள். அவள் தன் முகப்பிலிருந்த 72ஐ எடுத்துவிட்டு இதைப் போட்டாள். காரணத்தையும் எழுதினாள்.

கல்லூரியில் கிடைக்காத நூலுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் போங்கள். 1896இல் திறந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூலின் பிரதி வந்து சேருகிற நான்கு நூலகங்களில் ஒன்று. விம்கோ நகரிலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்தது எழும்பூர். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் தூரம், ஆனால் நாள் முழுக்க உட்காரலாம். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போதும். முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா இணையதளத்தில் இருக்கின்றன. ஆய்வேட்டிலிருந்து வரிகளை எடுக்காதீர்கள், நூற்பட்டியலை எடுங்கள். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் துறைத்தலைவரின் கடிதத்தோடு போய்க் கேட்டுப் பாருங்கள்.

செய்தித்தாளும் ஓர் ஆதாரம்தான், ஆனால் என்ன நடந்தது என்கிற முதல் வகைக்கு மட்டும். சுனாமி மறுகுடியிருப்பில் சிறுநீரக விற்பனை பற்றி 2007 தொடக்கத்தில் செய்திகள் வந்தன. அவற்றைத் தேதி, பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளச் சொன்னேன். ஒரே செய்தியை இரண்டு தாள்களில் பார்த்தால் எண்ணிக்கை மாறுவது தெரியும். மாறினால் அதையும் எழுதுங்கள்.

குறிப்பெடுப்பது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு கருத்துக்கு ஒரு அட்டை. மேலே ஆசிரியர், நூல், ஆண்டு, பக்கம், புத்தகத்தின் முதுகில் இருக்கிற கால் நம்பர். நடுவில் அவர் சொன்னது. கீழே கோடு போட்டு நீங்கள் நினைத்தது. அந்தக் கோடு முக்கியம். ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது எது யாருடைய வாக்கியம் என்று தெரியாமல்தான் பல பிள்ளைகள் காப்பி அடித்ததாகப் பெயர் வாங்குகிறார்கள், அவர்களுக்கு அந்த எண்ணமே இருந்திருக்காது. இப்போது ஏஐயிடம் கேட்டுப் புத்தகப் பட்டியலோடு வருகிறார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு முழு மதியம் தேடியிருக்கிறேன், சில கட்டுரைகள் உலகத்தில் எங்குமே எழுதப்படவில்லை. சொற்களைத் தெரிந்துகொள்ள அதைக் கேளுங்கள். ஆனால் கையில் பிடித்துப் படிக்காத எதையும் நூற்பட்டியலில் போடாதீர்கள்.

கடைசியாக, நூலகத்தை விட்டு வெளியே போவது. அவள் பெரியம்மாவைப் பேட்டி எடுத்து, தழும்பைப் படம் எடுத்துப் போட நினைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டுதலில், ஒப்புதல் பற்றிய பகுதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். எதற்காகக் கேட்கிறோம், யார் படிப்பார்கள் என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் இருக்க வேண்டும், பாதியில் நிறுத்தவும் இடம் இருக்க வேண்டும். விற்பனை சட்டப்படி குற்றம் என்பதால், பெயரோ படமோ வெளியே போனால் அவருக்குத் தொல்லை வரலாம். சொந்த வீட்டுப் பெண் கேட்கும்போது பெரியம்மாவால் மறுக்க முடியுமா என்பதையும் யோசிக்கச் சொன்னேன். உங்கள் துறையில் அறநெறிக் குழு இருந்தால் பேட்டிக்கு முன்பே அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் வழிகாட்டி ஆசிரியரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அவள் ஒரு வாரம் யோசித்தாள். படம் எடுக்கவில்லை. பேட்டியும் எடுக்கவில்லை. அச்சில் ஏற்கெனவே இருக்கிற 305 பேரை வைத்தே எழுதி முடித்தாள். முடித்த பிறகு அதைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினாளாம்.

பைண்டிங் போடும்போது கூடுதலாக ஒரு பிரதி போட்டு நூலகத்துக்குக் கொடுங்கள். அவள் கொடுத்தாள். 174.2 என்று எண் போட்டு, துறை அலமாரியில் பூட்டி வைக்காமல் பொது அலமாரியில் வைத்திருக்கிறேன். டியூ டேட் சீட்டில் இதுவரை ஒன்பது முத்திரை விழுந்திருக்கிறது.